விலை ஒட்டாத பாட்டில்கள்

போன வருடம் தோழி ஒருத்தி சொந்தமாக ஃபிளாட் வாங்கிக் குடிபோனாள். பால் காய்ச்சிய அன்று சொந்தபந்தங்கள். அடுத்த சனிக்கிழமை இரவு நண்பர்களுக்கு விருந்து. யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு போகக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். முதல் நாளே நன்னாரி வேரைத் தட்டி, நடுவிலிருக்கும் கட்டைத் தண்டை உருவிப் போட்டு, தோலை மட்டும் ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். காலையில் கொதிக்க வைத்துச் சுண்டக் காய்ச்சி, சீனி சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். ஆறியதும் ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி எடுத்துப் போனேன்.

மேசையில் இன்னொரு பாட்டிலும் இருந்தது. தோழியின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் கொண்டுவந்தது. கடையில் வாங்கிய ஜின்னில் ரோஸ்மேரிக் கொத்தும் எலுமிச்சைத் தோலும் போட்டுப் பத்து நாள் ஊறவைத்திருந்தாள். கழுத்தில் சணல் கட்டி, பழுப்பு அட்டையில் கையால் தேதி எழுதியிருந்தாள். இரண்டையும் ருசி பார்த்த தோழியின் கணவர் மனமாரச் சொன்னார்: “ரெண்டு பேரும் பேசாம இதை விக்கலாமே!”

அவர் சொன்னது பாராட்டுதான். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு அம்மாவின் குரல் கேட்டது. பாளையங்கோட்டையில் சித்திரை வைகாசி வந்தால் எங்கள் வீட்டில் நன்னாரி வாசம்தான். கல்யாண வீடு, சடங்கு வீடு, ஊரிலிருந்து யாராவது வந்து இறங்கிய வீடு என்று அம்மா பாட்டில் கொடுக்காத வீடு கிடையாது. யாராவது மரியாதைக்குக் காசை நீட்டினால் முகம் சுருங்கிவிடும். “சீ, இதுக்குப் போயி யாராவது துட்டு வாங்குவாவளா?”

துட்டு வாங்குகிற ஒருத்தியும் எங்கள் தெருவில் இருந்தாள். பக்கத்து வளவில் குடியிருந்த அக்கா. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். மத்தியான வெயிலில் ஒயர்கூடையில் சர்பத் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். தெருவில் அவளைப் பற்றிப் பேசும்போது ஒரு தினுசாகத்தான் பேசுவார்கள். அம்மாவும் அப்படித்தான் பேசினாள். “வீடு வீடா ஏறி இறங்குதா, என்னத்த சொல்ல” என்பாள். இரண்டும் அதே வேர், அதே சீனி, அதே எலுமிச்சை. கொடுத்தவள் குடும்பப் பெண். விற்றவள் ஏறி இறங்குகிறவள். அந்த வயதில் இது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை.

ரோஸ்மேரியைச் சாராயத்தில் ஊறவைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சும்மா தேடத் தொடங்கி, மாதக்கணக்கில் அதிலேயே கிடந்தேன். லண்டனிலுள்ள வெல்கம் நூலகம் 16, 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பெண்களின் கையெழுத்துக் குறிப்பேடுகளைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறது. பாதி சமையல், பாதி வைத்தியம். பூச்சி அரித்த பக்கங்களும் மைக்கறையுமாக இருக்கிற அந்த ஏடுகளில், நான் விருந்தில் பார்த்த இரண்டு பாட்டில்களுக்கும் பாட்டி முப்பாட்டிகள் வரிசையாக நின்றார்கள்.

அன்றைய இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் ‘ஸ்டில் ரூம்’ என்று ஓர் அறை உண்டு. ஸ்டில் என்றால் வாலை. நம் சித்த வைத்தியர்கள் தீநீர் இறக்கப் பயன்படுத்தும் அதே கருவிதான். ஓமத்தைக் கொதிக்கவைத்து ஆவியைக் குளிரவைத்து எடுக்கிற ஓமத்தீநீரை நாம் ‘ஓம வாட்டர்’ என்று குழந்தைகளுக்குக் கொடுக்கிறோமே, அதுபோல ரோஜா, புதினா, லாவெண்டர், ஏஞ்சலிகா வேர் என்று தோட்டத்தில் விளைந்ததையெல்லாம் அவர்கள் வடித்தார்கள். தண்ணீரில் மட்டுமல்ல, திராட்சை மதுவிலும் சாராயத்திலும் ஊறவைத்து வடித்தார்கள். கருவி செம்பிலோ கண்ணாடியிலோ இருக்கும். ஆவி கசியாமலிருக்க மூட்டுகளை மாவுப் பசையால் பூசுவார்கள்; நம்மூரில் சீலைமண் பூசுவதைப் போல. கரி அடுப்பின் தணலை ஒரே சீராக வைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தணல் ஏறினால் தீய்ந்த வாடை, இறங்கினால் சொட்டு நின்றுபோகும். முதலில் இறங்குவது காரம், கடைசியில் இறங்குவது சப்பை. எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நாக்கும் மூக்கும்தான் சொல்லும். இன்றைக்கு இதை வேதியியல் என்போம். அன்றைக்கு இதன் பெயர் வீட்டு வேலை.

கெர்வாஸ் மார்க்கம் என்பவர் பெயரில் 1615இல் வெளியான ‘தி இங்கிலிஷ் ஹவுஸ்வைஃப்’ நூல், நல்ல குடும்பத் தலைவிக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றில் வடித்தலையும் சேர்க்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஓர் ஆணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று வாசகர் கேட்பார் என்று பயந்து, பின்னால் வந்த பதிப்பில் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். இது அவர் எழுதியதே அல்லவாம். உயர்குடிப் பெண் ஒருவரின் கையெழுத்துப்படி அவர் கையில் கிடைத்ததாம். அந்தப் பெண்ணின் பெயரைப் போடவில்லை. அட்டையில் மார்க்கம் இருக்கிறார்.

இந்த வடிநீர்களுக்குக் ‘கார்டியல்’ என்று பொதுப்பெயர். இதயம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நெஞ்சுக்குத் தெம்பு கொடுப்பது என்று வைத்துக்கொள்ளலாம். ‘அக்வா மிராபிலிஸ்’ என்ற அற்புதத் தண்ணீரின் குறிப்பை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிராம்பு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, ஏலக்காய், சுக்கு, சித்தரத்தை, வால்மிளகு. எங்கள் ஊர் நாட்டுமருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தரச் சொல்லலாம். அத்தனையும் இந்தியப் பெருங்கடலைத் தாண்டிப் போய், இங்கிலாந்தின் கிராமப்புற வீடொன்றில் ஒரு பெண்ணின் பூட்டிய அலமாரிக்குள் இருந்திருக்கிறது. இனிப்புக்குச் சேர்த்த சர்க்கரை, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும்பாலும் பார்படோஸ் போன்ற தீவுகளிலிருந்து வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட பெண்களும் ஆண்களும் அடிமைகளாகக் கரும்பு வெட்டிய தீவுகள் அவை. குறிப்பேடுகளில் அவர்களுக்கு இடமில்லை. அடுப்பருகே உட்கார்ந்து தணலைப் பார்த்துக்கொண்ட வேலைக்காரப் பெண்ணுக்கே இடமில்லை.

விருந்துக்கும் இந்தத் தண்ணீர்களுக்கும் நேரடி உறவு இருந்தது. ‘சர்ஃபெயிட் வாட்டர்’ என்று ஒன்று ஏறக்குறைய எல்லாக் குறிப்பேடுகளிலும் வருகிறது. சர்ஃபெயிட் என்றால் மிதமிஞ்சித் தின்றதால் வரும் தொல்லை. வயலில் பூக்கும் சிவப்புக் கசகசாப் பூவின் இதழ்களைப் பிராந்தியில் ஊறவைத்து, சோம்பும் உலர்திராட்சையும் சேர்ப்பார்கள். நிறம் ரத்தினம் மாதிரி இருக்கும். விருந்து வைக்கிற வீட்டில் இருந்தே ஆக வேண்டிய சரக்கு இது. வாதத்துக்கு லாவெண்டர் தண்ணீர், கொள்ளைநோய்க்கு ஒரு தண்ணீர், ரோஸ்மேரிப் பூவைச் சாராயத்தில் வடித்த ‘ஹங்கேரித் தண்ணீர்’. நத்தையை ஓட்டோடு நசுக்கி வடிப்பதும் உண்டு. அதைப் பரிசாகப் பெற்றவர்கள் என்ன முகம் காட்டினார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

பாட்டில்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தன. பண்டிகைக்கு, பிள்ளைப்பேற்றுக்கு, விருந்தினராகத் தங்கப் போகும்போது, நோய் என்று கேள்விப்பட்டால். கணவனின் நிலமும் பணமும் கணவனுடையது. சட்டப்படி மனைவிக்கென்று தனிச்சொத்து கிடையாத காலம். அவள் தன் கையால் செய்து தன் விருப்பப்படி ஒருவருக்குக் கொடுக்கக்கூடியவை சொற்பம். அதில் இது ஒன்று. ஒரு பாட்டில் போனால் பழச்சாறோ பாலாடைக்கட்டியோ மான்கறியோ திரும்பி வரும். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், வழக்கில் ஒரு நல்ல வார்த்தை என்று உறவுகள் இப்படித்தான் பின்னப்பட்டன. அன்பு இல்லை என்று சொல்லவில்லை. அன்பும் கணக்கும் ஒரே பாட்டிலில் போயின.

பாட்டிலோடு செய்முறையும் போயிற்று. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். குறிப்புகளின் தலைப்பிலோ ஓரத்திலோ கொடுத்தவரின் பெயர் இருக்கும்: இன்ன சீமாட்டியின் தண்ணீர், என் அத்தை கொடுத்தது, பக்கத்து ஊர் இன்னாரின் மனைவி சொன்னது. செய்து பார்த்துச் சரிவந்தால் ‘மெய்ப்பிக்கப்பட்டது’ என்று லத்தீனில் ஒரு சொல் எழுதுவார்கள். சரிவராவிட்டால் குறுக்கே ஒரு கோடு. ஏடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும். மகளின் கையெழுத்து தொடரும்.

நார்ஃபோக் பகுதியில் வாழ்ந்த எலிசபெத் ஃப்ரீக் தன் நினைவுக் குறிப்புகளில் கணவன் தன் பணத்தையெல்லாம் எடுத்துக்கொண்டதைப் பற்றி ஆயுள் முழுக்க மனம் வெந்து எழுதியவர். 1711ஐ ஒட்டி அவர் தன் அலமாரியில் பூட்டி வைத்திருந்த கார்டியல்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்துப் பட்டியல் போட்டிருக்கிறார். மற்றவர்கள் நகைகளைப் பட்டியல் போடுவார்கள். தனக்கே தனக்கென்று இருந்த செல்வத்தைத்தான் அவரும் எண்ணியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்தனை அறிவையும் திறமையையும் அன்றைய ஆண் உலகம் எப்படிப் பொறுத்துக்கொண்டது? விலை இல்லாத வரைக்கும் பொறுத்துக்கொண்டது. இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை, சட்டமே சொல்கிறது. எட்டாம் ஹென்றி காலத்தில் 1542-43இல் ஒரு சட்டம் வந்தது. பின்னால் அதை ‘மூலிகை வைத்தியர் சாசனம்’ என்றார்கள். பிடிக்காதவர்கள் ‘போலி வைத்தியர் சாசனம்’ என்றார்கள். உரிமம் பெற்ற அறுவை வைத்தியர்கள், மூலிகை, வேர், வடிநீர் பற்றித் தெரிந்த சாதாரண மனிதர்களை வழக்குப் போட்டுத் துன்புறுத்துகிறார்கள் என்று சட்டமே குற்றம்சாட்டியது. அந்தச் சாதாரணர்களில் ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும் இருக்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னது. பெண்களுக்குச் சாதகமான சட்டம்தான். ஆனால் அவர்களைக் காப்பாற்ற அது என்ன காரணம் காட்டியது? அவர்கள் தங்கள் உழைப்புக்கும் திறமைக்கும் எதுவும் வாங்குவதில்லை. அக்கம்பக்கம் என்பதற்காகவும் கடவுளுக்காகவும் இரக்கத்தாலும் செய்கிறார்கள். என் அம்மாவின் வாதமேதான். ‘இதுக்குப் போயி துட்டு வாங்குவாவளா’ என்பதை நாடாளுமன்றம் அன்றே சட்டமாக எழுதிவிட்டது.

துட்டு வாங்கலாம் என்ற உரிமை வேறு இடத்தில் முளைத்தது. 1638இல் லண்டனில் வடிப்பாளர் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. அதன் பின்னணியில் நின்ற இருவர் தியடோர் டி மேயர்ன், தாமஸ் காட்மன். ஒருவர் அரசரின் மருத்துவர், மற்றவர் அரசியின் மருத்துவர். மறு வருடம் சங்கம் தன் செய்முறைகளை அச்சிட்டது. எப்படி? பொருட்களின் பெயர்களைச் சங்கேதச் சொற்களால் மறைத்து. உறுப்பினர்களுக்கு மட்டும்தான் திறவுகோல். தங்கள் ஏட்டில் ‘இதை எனக்குக் கொடுத்தவள் இவள்’ என்று பெயர் எழுதிய பெண்களை நினைத்துக்கொண்டேன். அறிவைப் பூட்டி வைத்தால் தொழில், பகிர்ந்துகொண்டால் பொழுதுபோக்கு.

ஒருத்தி மட்டும் துணிந்து விலை சொன்னாள். ஹானா வூலி. தாயிடமும் அக்காக்களிடமும் வைத்தியமும் வடித்தலும் கற்றவர். பள்ளி ஆசிரியர் ஒருவரை மணந்து, மாணவர்களுக்குச் சமைத்தும் மருந்து கொடுத்தும் வந்தவர். 1661இல் ‘தி லேடீஸ் டைரக்டரி’, 1664இல் ‘தி குக்ஸ் கைடு’, 1670இல் ‘தி குயின்-லைக் க்ளோசெட்’ என்று நூல்கள் எழுதினார். க்ளோசெட் என்றால் அன்று துணி அலமாரி அல்ல. வீட்டுத் தலைவி தன் மருந்தும் இனிப்பும் ஏடுகளும் வைத்துப் பூட்டிக்கொள்ளும் சிற்றறை. அரசியின் சிற்றறை ரகசியம் என்று சொல்லிக்கொண்டு ஆண்கள் பதிப்பித்த புத்தகங்கள் சக்கைபோடு போட்ட காலத்தில், இரண்டு முறை விதவையான ஒரு பெண் தன் பெயரிலேயே எழுதிச் சம்பாதித்தார். எழுத்தோடு நிற்கவில்லை, மருந்துகளை விற்கிறேன், கற்றுக்கொடுக்கிறேன், இன்ன இடத்தில் என்னைக் காணலாம் என்று நூலிலேயே முகவரி போட்டார். இன்றைக்கு இன்ஸ்டாகிராமில் ‘ஆர்டருக்கு மெசேஜ் செய்யவும்’ என்று போடுவதில்லையா, அதே தைரியம்தான்.

பலன்? 1673இல் ஒரு புத்தக வியாபாரி ‘தி ஜென்டில்விமன்ஸ் கம்பானியன்’ என்ற நூலை அவர் அனுமதியின்றி அவர் பெயரில் வெளியிட்டுவிட்டார். அடுத்த வருடம் வந்த பின்னிணைப்பு நூலில் வூலி அதைக் கண்டித்து எழுதினார். கண்டனம் யார் காதிலும் ஏறவில்லை. நூற்றாண்டுக் கணக்கில் அந்தப் புத்தகத்தின் முன்னுரையிலிருக்கும் கற்பனைக் கதையையே அவருடைய வாழ்க்கை வரலாறாக எழுதிக்கொண்டிருந்தார்கள். பெயரையே போட விடாத உலகம், போட்டால் அந்தப் பெயரையே எடுத்து விற்றது.

சீமாட்டிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறுத்தத் தொடங்கியபோதுதான் ஜின்னுக்கு வந்தேன்.

ஜின்னும் மூலிகைச் சாராயம்தான். ஜூனிப்பர் காய் வாசம் ஏற்றியது. அதுவும் மருந்தாகத் தொடங்கியதே. 1689க்குப் பிறகு பிரான்சோடு சண்டை, பிரெஞ்சுப் பிராந்திக்குத் தடை, உள்நாட்டுத் தானியத்தை வடிக்க ஊக்கம் என்று அரசே கதவைத் திறந்துவிட்டது. நிலப்பிரபுக்களுக்குத் தானியம் விலைபோனது, அரசுக்கு வரி வந்தது. லண்டனில் ஜின் ஆறாக ஓடியது. கிராமங்களிலிருந்து வேலை தேடி வந்த பெண்களுக்குச் சங்கங்களில் இடமில்லை, தொழில் பழக வழியில்லை. ஒரு கூடை, ஒரு பாட்டில், ஒரு சிறு கிண்ணம் இருந்தால் தெருவில் நின்று ஜின் விற்கலாம். நின்றார்கள்.

1736இல் நாடாளுமன்றம் ஜின் சட்டம் போட்டது. சில்லறையாக விற்க ஆண்டுக்கு 50 பவுன் உரிமக் கட்டணம். கூடைக்காரி கனவிலும் பார்க்காத தொகை. தெருவில் விற்றால் 10 பவுன் அபராதம்; கட்ட முடியாவிட்டால் 2 மாதம் திருத்தச் சிறையில் கடும் உழைப்பு. காட்டிக் கொடுப்பவருக்குச் சன்மானம். பெரிய வடிசாலை முதலாளிகள் யாரும் சிறைக்குப் போகவில்லை. போனவர்களில் பெண்கள் ஏராளம். விதவைகள், தனித்து விடப்பட்டவர்கள். மருத்துவரும் மருந்துக் கடைக்காரரும் நோயாளிக்குக் கொடுப்பதற்குச் சட்டத்தில் விலக்கு இருந்தது. உடனே ஜின்னுக்குப் புதுப்பெயர்கள் முளைத்தன. ‘நாடாளுமன்ற ஜின்’ என்றார்கள், ‘பெண்களின் மகிழ்ச்சி’ என்றார்கள். ‘கிரைப் வாட்டர்’ என்றும் விற்றார்கள். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1751இல் வில்லியம் ஹோகார்த் செதுக்கிய ‘ஜின் லேன்’ படத்தைப் பலர் பார்த்திருக்கக்கூடும். படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பெண், அவிழ்ந்த மார்பு, காலில் புண். அவள் கையிலிருந்து குழந்தை தலைகீழாக விழுகிறது, அவள் மூக்குப்பொடி எடுத்துக்கொண்டிருக்கிறாள். குடியின் கேட்டுக்கு அந்த நூற்றாண்டு கொடுத்த முகம் ஒரு தாயின் முகம். ஜின்னையே ‘மேடம் ஜெனிவா’ என்று பெண்ணாக்கித்தான் திட்டினார்கள். குடி அந்த ஏழைத் தெருக்களை நாசமாக்கியது உண்மை. நம் ஊரில் சாராயத்தை எதிர்த்து நின்ற பெண்களைத் தெரிந்த எவரும் அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே வருடங்களில், அதே நாட்டின் கிராம மாளிகைகளில், சாராயத்தில் மூலிகை போட்டு வடித்துக்கொண்டிருந்தார்கள். எலைசா ஸ்மித்தின் ‘தி கம்ப்ளீட் ஹவுஸ்வைஃப்’ 1727இல் வந்து பதிப்பு மேல் பதிப்பு கண்டது. அதில் கார்டியல் தண்ணீர்களுக்குக் குறைவே இல்லை. அங்கே அது இல்லத்தரசியின் மாண்பு. கூடையில் எடுத்துத் தெருவுக்கு வந்து ஒரு பென்னிக்குக் கொடுத்தவள் குற்றவாளி.

பாளையங்கோட்டையின் வெயில் தெருவில் ஒயர்கூடையோடு நடந்த அக்காவை இந்த இடத்தில் நான் நினைக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். அவள் பாட்டிலில் சாராயம் இல்லை. ஆனாலும் தெரு அவளைப் பார்த்த பார்வையில் ஏதோ சாராயம் விற்கிறவளைப் பார்க்கிற பார்வை இருந்தது.

மாளிகைப் பெண்களின் வாலையும் வெகுநாள் தாங்கவில்லை. ஸ்காட்லாந்தில் 1781இல் வீட்டுத் தேவைக்காகத் தனியார் வடிப்பதையே தடை செய்தார்கள். மருந்துக்கு மருந்துக் கடை, சாராயத்துக்கு வடிசாலை, வரிக்குக் கலால் அதிகாரி என்று ஆனபின் ஸ்டில் ரூம் மெல்ல மெல்ல ஊறுகாயும் ஜாமும் வைக்கும் அறையாக மாறியது. மிஞ்சியது ஊறவைப்பது மட்டும்: கடையில் வாங்கிய பிராந்தியில் செர்ரி, ஜின்னில் காட்டுப்பிளம், இன்றைக்கு ரோஸ்மேரி. தோழியின் வீட்டு மேசையிலிருந்த அந்தப் பழுப்பு அட்டை பாட்டில் எனக்கு இப்போது அழகாகவும் கொஞ்சம் வருத்தமாகவும் தெரிகிறது. தணலைப் பார்க்கவும் முதல் சொட்டை முகர்ந்து அறியவும் தெரிந்த ஒரு கலையிலிருந்து, சட்டம் விட்டுவைத்த கடைசித் துண்டு அது.

கிரைப் வாட்டருக்கு வருகிறேன். சதகுப்பைத் தண்ணீரைக் குழந்தையின் வயிற்றுவலிக்குக் கொடுப்பது ஆங்கிலேயத் தாய்மார்களின் பழைய கைவைத்தியம். 1851இல் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் உட்வர்ட் என்ற மருந்து வியாபாரி சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, கொஞ்சம் சாராயம் சேர்த்து பாட்டிலில் அடைத்துத் தன் பெயரை ஒட்டினார். அது கப்பலேறி இங்கே வந்தது. என் தலைமுறையில் தொலைக்காட்சி வைத்திருந்த எல்லோருக்கும் அந்த விளம்பரம் தெரியும்: குழந்தை அழுகிறது, பாட்டி, அம்மா, மகள் என்று ஒவ்வொரு பெண்ணும் தனக்கு முன்னால் இருந்தவள் கொடுத்ததைச் சொல்கிறாள். குறிப்பேட்டின் ஓரத்தில் ‘என் அம்மா கொடுத்தது’ என்று பெண்கள் எழுதி வைத்த அந்தச் சங்கிலியையே எடுத்து விளம்பரமாக்கிவிட்டார்கள். பெண்கள் அனைவரும் படத்தில் இருக்கிறார்கள். பாட்டிலில் உட்வர்ட் இருக்கிறார்.

இதையெல்லாம் படித்து முடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்தேன். சர்பத் காய்ச்ச யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். ஆச்சியிடம் என்றுதான் சொல்வாள் என நினைத்திருந்தேன்.

“ஆச்சிக்கு எங்க இதெல்லாம் தெரியும்? நம்ம பக்கத்து வளவுல இருந்தால்லா, அவதான் சொல்லித் தந்தா. நடுத்தண்டை உருவலன்னா கசக்கும்னு அவ சொல்லித்தான் தெரியும். எலுமிச்சையை அடுப்பை அணைச்ச பொறவுதான் பிழியணும்னதும் அவதான்.”

“யாரு, ஒயர்கூடை அக்காவா? துட்டு வாங்கினாளா உன்கிட்ட?”

“சொல்லித் தாறதுக்கா? சே.” கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “நானும் அப்பவே ஏதாவது கொடுத்திருக்கலாம். தோணல.”

“அவ பேரு என்னம்மா?”

மறுபடியும் மௌனம். வளவில் யார் யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். வாத்தியார் வீடு, தையல்காரர் வீடு, மேலவீடு. அந்த வாசல் வந்ததும் நின்றுவிட்டாள். “சர்பத்துக்காரின்னுதாம்ட்டி எல்லாரும் கூப்புடுவோம்.”

அந்த வளவு இப்போது இல்லை. இடித்துவிட்டுக் கடைகள் கட்டியிருக்கிறார்கள். அம்மா பழைய அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். நான் ஒரு நோட்டு வாங்கி நன்னாரி சர்பத்தின் செய்முறையை அதில் எழுதி முடித்துவிட்டேன். தலைப்பில் ‘கொடுத்தவர்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு பெயர் எழுதும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன்.